மயில்துத்தக் கரைசலும் மின்சாரமும்: உலோகப் பூச்சு உண்டாகும் விதம்

வெற்றிலைக் கொடிக்கால் உடையவர்களும், பாக்குத் தோட்டக்காரர்களும், உருளைக்கிழங்கு பயிரிடுவோரும் போர்டோ கலவையை நன்கு அறிவார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் என்ற கணக்கில் இரண்டையும் தனித்தனியே கரைத்துச் சேர்ப்பது அதன் முறை. 1885ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பேராசிரியர் மில்லார்டே என்பவர் திராட்சைக் கொடியின் பூசண நோய்க்கு இதனை மருந்தாக வெளியிட்டார். கலவை பக்குவமாயிற்றா என்று பார்ப்பதற்கு ஓர் எளிய சோதனை வழக்கத்தில் இருந்து வருகிறது. துருவில்லாமல் துலக்கிய கத்தியின் அலகைச் சிறிது நேரம் கலவையில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். அலகு செந்நிறம் கொண்டால் சுண்ணாம்பு போதவில்லை என்று அறிந்து இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். நிறம் மாறாவிடில் கலவை தெளிக்கத் தக்கது. துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்கலாகாது, மண் தாழியிலோ மரத் தொட்டியிலோ பிளாஸ்டிக் பாத்திரத்திலோ கரைக்க வேண்டும் என்று விவசாய இலாகாவினர் சொல்வதும் யாவரும் கேட்டதே.

கத்தியின்மேல் ஏறும் அச்செந்நிறம் யாது? அது செம்பேயன்றி வேறன்று. நீல நிறமான தண்ணீரில் செம்பு கண்ணுக்குத் தெரியவில்லை, வடிகட்டினாலும் அகப்படுவதில்லை. ஆயினும் கத்தி பட்டவுடன் அது வெளிப்பட்டுத் தன் நிறத்தைக் காட்டுகிறது. கரைந்து மறைந்திருக்கும் உலோகத்தை இவ்வாறு வெளிப்படுத்தும் வேலையை மின்சாரத்தைக் கொண்டு நம் விருப்பப்படி, வேண்டிய இடத்தில், வேண்டிய கனத்தில் செய்துகொள்ளலாம். இதற்கு மின்பகுப்பு என்று பெயர். நம்முடைய பம்புசெட்டு மோட்டாரின் செம்புக் கம்பியும், சைக்கிளின் பளபளப்பும், கடையில் விற்கும் கவரிங் நகையும் இம்முறையின் பயனே. சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் அடகாக வரும் போலி நகையும் பெரும்பாலும் இம்முறையின் பயன்தான். ஆதலின் இதன் தத்துவத்தை அறிந்துகொள்வது, நகை ஈட்டின்மேல் கடன் கொடுக்கும் ஒவ்வொரு கூட்டுறவு நாணயச் சங்கத்தின் பொதுப் பணத்தைப் பொறுத்த காரியமாகும்.

உப்பு கரைவது என்றால் என்ன?

உப்பு என்று நாம் சமையலறையில் சொல்வது ஒரே பொருள். ரசாயன நூலார் உப்பு என்று சொல்வது ஒரு பெருங் குடும்பம். ஓர் உலோகமும் ஒரு திராவகத்தின் பகுதியும் சேர்ந்து உண்டாவன யாவும் உப்புக்களே. மயில்துத்தம் செம்பும் கந்தகத் திராவகமும் சேர்ந்து உண்டாகும் உப்பு. அதற்குச் செம்பு ஸல்பேட் என்று பெயர். அதன் நீலப் படிகத்தில் செம்பு ஒரு பங்காகவும், ஸல்பேட் என்னும் கூட்டு ஒரு பங்காகவும், அவற்றுடன் சிறிது நீரும் கட்டுண்டு கிடக்கின்றன. படிகத்தை வாணலியில் இட்டுச் சூடேற்றினால் அந்நீர் நீங்கி அது வெண்மையான பொடியாகும். மறுபடி நீர் பட்டால் நீல நிறம் திரும்பும்.

படிகம் தண்ணீரில் கரையும்போது இந்தக் கட்டு அவிழ்கிறது. செம்பு ஒரு பக்கமும் ஸல்பேட் ஒரு பக்கமுமாகப் பிரிந்து தண்ணீரெங்கும் உலாவுகின்றன. ஆனால் அவை சாதாரண நிலையில் பிரிவதில்லை. ஒவ்வொரு செம்பு அணுவும் தன்னிடமிருந்த எலெக்ட்ரான் என்னும் மின் துணுக்குகளில் இரண்டை ஸல்பேட்டிடம் விட்டுவிட்டுப் பிரிகிறது. எலெக்ட்ரான் ருண மின்சாரம் உடையது. அதனை இரண்டு இழந்தபடியால் செம்பு இரண்டு பங்கு தன மின்சாரம் உடையதாகிறது. அதனைப் பெற்றுக்கொண்டபடியால் ஸல்பேட் இரண்டு பங்கு ருண மின்சாரம் உடையதாகிறது. இவ்வாறு மின்சாரம் ஏறிய அணுக்களுக்கு அயான்கள் என்று பெயர். கரைசல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தனமும் ருணமும் சரிக்குச் சரியாக இருப்பதால், அதைத் தொட்டால் நமக்கு எவ்வித அதிர்ச்சியும் உண்டாவதில்லை.

இந்தப் பிரிவினை மின்சாரம் பாய்ச்சிய பிறகே நிகழ்கிறது என்று முற்காலத்தில் பலர் எண்ணினர். கரைந்த கணத்திலேயே உப்பு அயான்களாகப் பிரிந்துவிடுகிறது என்று ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் என்பவர் 1887ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். முதலில் அதனை நம்புவோர் சிலரே. பின்னர் அவ்வுண்மைக்காகவே அவருக்கு 1903ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

தனமும் ருணமும்

தனம் என்றால் இருப்பு, ருணம் என்றால் கடன் என்பதைச் சங்க அங்கத்தினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சார நூலில் இச்சொற்கள் இருவகை மின்சாரத்தின் பெயர்களாக வழங்குகின்றன. பெயரளவில் ஒரு புதுமை மட்டும் கவனிக்கத் தக்கது: எலெக்ட்ரான் ருண மின்சாரம் உடையதாதலால், எலெக்ட்ரானைக் கொடுத்தவன் தனமாவான், வாங்கியவன் ருணமாவான். எதிரெதிர் மின்சாரங்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

இனி, மயில்துத்தக் கரைசலில் இரண்டு செம்புத் தகடுகளை ஒன்றோடொன்று படாமல் தொங்கவிட்டு, அவற்றை ஒரு பாட்டரியின் இரு முனைகளோடு கம்பியால் இணைப்போம். பாட்டரியின் வேலை, நீர் இறைக்கும் பம்பின் வேலையைப் போன்றது. அது ஒரு தகட்டிலிருந்து எலெக்ட்ரான்களை இழுத்து மற்றொரு தகட்டில் தள்ளுகிறது. எலெக்ட்ரான் குறைந்த தகடு தனத் தகடு. மிகுந்த தகடு ருணத் தகடு.

தன மின்சாரம் உடைய செம்பு அயான்கள் ருணத் தகட்டை நோக்கி நகர்கின்றன. அங்கே ஒவ்வோர் அயானும் தான் முன்பு இழந்த இரண்டு எலெக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கிறது. பெற்றவுடன் அது மறுபடி சாதாரணச் செம்பாகி, கரைந்து நிற்க இயலாமல், தகட்டின்மேல் படிந்துவிடுகிறது. தனத் தகட்டில் இதற்கு நேர் மாறான காரியம் நடைபெறுகிறது. அத்தகட்டின் செம்பு அணுக்கள் இரண்டிரண்டு எலெக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு, அயான்களாகிக் கரைசலில் இறங்குகின்றன. ஸல்பேட் அயான்கள் தனத் தகட்டை நோக்கி நகர்ந்து அங்கே புதிதாய் இறங்கும் செம்பு அயான்களுக்கு ஈடாக நிற்கின்றன. ஒரு தகட்டில் எத்தனை செம்பு கரைகிறதோ அத்தனை செம்பு மற்றதில் படிகிறது. கரைசலின் நீல நிறம் மங்குவதில்லை.

இங்கே ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கம்பியில் ஓடுவன எலெக்ட்ரான்கள். தண்ணீரில் நகர்வன அயான்கள். எலெக்ட்ரான்கள் தண்ணீரை நீந்திக் கடப்பதில்லை. இரு தகடுகளின் மேற்பரப்பே கை மாறும் இடம். ஒரு பக்கம் ஒப்படைப்பும் மறுபக்கம் பெற்றுக்கொள்ளலும் ஒருங்கே நடந்தால்தான் மின்சாரம் ஓடும். கம்பியில் எங்கேனும் ஓரிடம் அறுந்தாலும் படிவது அக்கணமே நின்றுவிடும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்க பரிசோதனை

உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரைக் கொண்டு இதனைச் சங்கக் கட்டிடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் 200 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி 20 கிராம் மயில்துத்தத்தைக் கரைக்கவும். உறை நீக்கித் துலக்கிய தடித்த செம்புக் கம்பியை ஒன்றரை வோல்ட் செல்லின் தன முனையோடும், பென்சிலிலிருந்து எடுத்த கரிக்குச்சியை அதன் ருண முனையோடும் இணைத்து இரண்டையும் கரைசலில் நிறுத்தவும். சில நிமிஷங்களில் கரிக்குச்சியின் கருமை மறைந்து செம்பு நிறம் ஏறும். செல்லைத் திருப்பி இணைத்தால், ஏறிய செம்பு மெல்ல இறங்கிக் கரிக்குச்சி மீண்டும் கறுப்பாகும். ஏற்றவும் இறக்கவும் வல்லது ஒரே விதி என்பது இதனால் விளங்கும்.

பிறகு இரு முனைகளிலும் கரிக்குச்சிகளையே வைத்து, இரண்டு செல்களைத் தொடராக இணைத்துப் பார்க்கலாம். இப்பொழுது தன முனையில் கரைவதற்குச் செம்பு இல்லை. ஆதலின் அங்கே தண்ணீர் தானே எலெக்ட்ரானைக் கொடுக்க நேர்கிறது. அதனால் பிராணவாயு குமிழிகளாய் வெளிவருகிறது. கரைசலிலுள்ள செம்பு சிறிது சிறிதாகச் செலவாவதால், வெகு நேரம் விட்டுவைத்தால் நீலம் வெளிறும். நீரில் கந்தகத் திராவகம் மிஞ்சும்.

மயில்துத்தம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பரிசோதனை செய்த தம்ளரைச் சாப்பாட்டுக்கு எடுக்கலாகாது. மிஞ்சிய கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால் மீன்கள் மடியும். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் இணைக்கக் கூடாது. செல் ஒன்றே போதும்.

பிசகாத கணக்கு

இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி 1833, 1834ஆம் ஆண்டுகளில் இதன் கணக்கை நிலைநாட்டினார். படியும் உலோகத்தின் எடை, பாய்ந்த மின்சாரத்தின் அளவுக்கு நேர் விகிதமாக இருக்கும் என்பது அவர் கண்ட முதல் விதி. பாத்திரம் பெரிதாயினும் சிறிதாயினும், கரைசல் கெட்டியாயினும் நீர்த்ததாயினும், உலோகம் படிவதைத் தவிர வேறு காரியத்திற்கு மின்சாரம் செலவாகாத வரையில் இவ்விதி மாறுவதில்லை. அயான், ஆனோடு, காதோடு என்னும் பெயர்களும் அவர் காலத்தில் 1834ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தவையே. எலெக்ட்ரான் என்று ஒன்று உண்டு என்பது 1897ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. அஃது அறியப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே பாரடே தராசைக் கொண்டு இதனை எழுதிவைத்தார்.

இன்று இவ்விதியின் காரணம் எளிதில் விளங்குகிறது. ஒரு செம்பு அணு படிய இரண்டு எலெக்ட்ரான் வேண்டும்; ஒரு வெள்ளி அணு படிய ஒன்று வேண்டும். விலை கொடுக்காமல் ஓர் அணுவும் படிவதில்லை. ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால், செம்பு 1.186 கிராமும், நிக்கல் 1.095 கிராமும், வெள்ளி 4.025 கிராமும் படியும். 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தகட்டில் அரை ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம் செம்பு படிய விட்டால், பூச்சின் கனம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு இருக்கும். சங்கத்தின் நாள்குறிப்பில் ஒரு பக்கம் செலவும் மறுபக்கம் வரவும் ஒத்து நிற்பது போல, இங்கே தகட்டின் எடையும் மின்சாரத்தின் அளவும் ஒத்து நிற்கின்றன.

கத்தியின் செம்பு உதிர்வது ஏன்?

முதலிற் சொன்ன கத்திக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பாட்டரி இல்லை. இரும்பு, செம்பைவிட எளிதில் எலெக்ட்ரானைக் கொடுக்கும் இயல்புடையது. ஆதலின் கத்தியின் இரும்பு அணு தன்னிரண்டு எலெக்ட்ரானைச் செம்பு அயானுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைந்துபோகிறது. செம்பு அவ்விடத்தில் படிகிறது. 56 பங்கு இரும்பு கரைந்தால் சுமார் 64 பங்கு செம்பு படியும். இரும்பு வாளி அரிக்கப்படுவதும், கலவையின் செம்பு வீணாவதும் இதனால்தான். சுண்ணாம்பு போதிய அளவு சேர்ந்தால் செம்பு அயான்கள் கரையாத பொருளாக மாறிவிடுவதால் கத்தி நிறம் மாறுவதில்லை.

இவ்வாறு தானே படியும் செம்பு பஞ்சு போலத் தளர்ந்திருக்கும். துணியால் தேய்த்தால் போய்விடும். மின்சாரத்தால் நிதானமாகப் படியும் செம்போ, அணுமேல் அணுவாய் அடுக்கிக் கட்டியது போல் இறுகி நிற்கும். அங்கும் அவசரம் உதவாது. மேற்பரப்பின் அளவுக்கு மிஞ்சி மின்சாரத்தைப் பாய்ச்சினால், அருகிலுள்ள அயான்கள் தீர்ந்துபோய், கருத்த பொடியே படியும். எண்ணெய்ப் பசையோ துருவோ இருந்தாலும் பூச்சு உரியும். பூசும் வேலையில் பாதி, பொருளைத் துலக்குவதிலேயே அடங்கியிருக்கிறது என்று அத்தொழிலாளர் சொல்வர்.

எல்லா உலோகமும் இவ்வாறு படியுமா என்றால், படியாது. எலெக்ட்ரானைக் கொடுப்பதில் மிக விரைவுடைய உலோகங்கள் அதனைத் திரும்பப் பெற எளிதில் இசைவதில்லை. சாதாரண உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஸோடியம் என்னும் உலோகம் படிவதில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீரே எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஜலவாயுவாகிய ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. மறு முனையில் குளோரின் என்னும் நச்சு வாயு எழுகிறது. பாத்திரத்தில் காஸ்டிக் ஸோடா தங்குகிறது. சோப்பு செய்வதற்கு வேண்டிய காஸ்டிக் ஸோடாவை ஆலைகளில் இம்முறையிலேயே செய்கின்றனர். குளோரின் மூச்சை அடைக்குமாதலால் இதனை வீட்டில் செய்து பார்க்கலாகாது.

இதனால் விளையும் நன்மைகள்

செம்பைச் சுத்தி செய்வதே இவற்றுள் மிகப் பெரிய பயன். சுரங்க மண்ணை உருக்கி எடுக்கும் செம்பில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் பிற பொருள்கள் கலந்திருக்கும். அச்சிறு கலப்பே மின்சாரம் ஓடுவதை வெகுவாகத் தடுக்கும். அத்தகைய செம்பைக் கனத்த தனத் தகடாகவும், தூய செம்பு அல்லது துருவேறா எஃகுத் தகட்டை ருணத் தகடாகவும் வைத்து, துத்தக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால், செம்பு மட்டும் இக்கரையிலிருந்து அக்கரை போய்ச் சேரும். இரும்பு, நிக்கல் போன்றவை கரைசலிலேயே தங்கும். தங்கமும் வெள்ளியும் கரையாமல் அடியில் சேறாக விழும். அச்சேற்றிலிருந்து அவற்றைத் தனியே எடுத்துக்கொள்வர். இவ்வாறு கிடைக்கும் செம்பு நூற்றுக்கு 99.99 பங்கு தூய்மையுடையது. நம் கிணற்று மோட்டாரில் சுற்றிய கம்பி இத்தகைய செம்பால் ஆனது.

பூச்சுத் தொழிலும் நேர்மையான தொழிலே. இத்தாலி தேசத்து புருக்னடெல்லி என்பவர் 1805ஆம் ஆண்டிலேயே வெள்ளிப் பதக்கங்களுக்கு மின்சாரத்தால் தங்கம் பூசினார். 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் கம்பெனியார் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றுப் பெருந்தொழிலாக்கினர். நம் நாட்டில் இத்துறையின் ஆராய்ச்சிக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953ஆம் ஆண்டில் அது திறந்துவைக்கப்பட்டது. சிதம்பரத்தின் கவரிங் நகைகளைக் கவரிங் என்று சொல்லியே விற்கின்றனர். வாங்குவோரும் அறிந்தே வாங்குகின்றனர். குற்றம் பூச்சில் இல்லை. பூச்சைப் பொன் என்று சொல்லும் வாயில் இருக்கிறது.

எட்டு நிமிஷத்துப் பொன்

மேற்கண்ட கணக்கைத் தங்கத்துக்கும் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடி செம்பு வளையலின் மேற்பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்திற்குத் தங்கம் பூசினால், செலவாகும் தங்கம் ஏறக்குறைய 0.1 கிராம், அதாவது ஒரு பவுனில் எண்பதில் ஒரு பங்கு. பூச்சுத் தொட்டியில் வழக்கமாகப் பயன்படும் உப்பில் ஒரு தங்க அணுவுக்கு ஓர் எலெக்ட்ரானே போதும். ஆகவே ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தைப் பாய்ச்சினால், வீணாவது ஒன்றுமில்லையென்ற கணக்கில், எட்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பார்வைக்கு அது முழுத் தங்கமே. இத்தொட்டியில் ஸயனைடு என்ற கொடிய நஞ்சு சேர்கிறபடியால், உரிய அனுமதியும் பாதுகாப்பும் உள்ள பட்டறையிலன்றி வேறெங்கும் ஒருவரும் அதில் கைவைக்கலாகாது.

இத்தகைய வளையலை ஐந்து பவுன் என்று எழுதிக்கொண்டு சங்கம் கடன் கொடுத்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். தவணை தவறி ஏலம் போடும் நாளில்தான் உண்மை வெளிப்படும். அந்நஷ்டம் ஏதோ ஓர் அரசாங்கப் பணத்தில் போகவில்லை. பங்குத் தொகையும் டெப்பாசிட்டும் கட்டிய அங்கத்தினர் ஒவ்வொருவருடைய தலையிலும் விழுகிறது. விதைக்கும் உரத்துக்கும் அடுத்த போகத்தில் கடன் கேட்பவனுக்குக் கொடுக்கப் பணம் இராது.

உரைகல்லில் லேசாக உரைத்துப் பார்த்தல் இங்கே போதாது. கல்லில் ஒட்டுவது மேற்பூச்சாகிய தங்கமே. அதன்மேல் திராவகம் விட்டாலும் அது கரையாது நிற்கும். எக்ஸ் கதிர் கொண்டு மாற்றுப் பார்க்கும் இயந்திரமும் மேற்பரப்பிலுள்ள மெல்லிய அடுக்கையே பார்க்கிறது. பூச்சு கனமாயிருந்தால் அதுவும் ஏமாறும். ஆகையால் உள்ளே இருப்பதைக் காட்டும் சோதனை வேண்டும். உடையவரின் சம்மதம் பெற்று, பூட்டுவாய் போன்ற மறைவான ஓரிடத்தில் சிறிது அரம் போட்டு, அவ்விடத்தில் உரைத்துப் பார்ப்பது ஒரு வழி. நகைக்குச் சேதமில்லாத மற்றொரு வழியும் உண்டு. அது தண்ணீரில் நிறுத்தல்.

ஒரே பருமனுள்ள தங்கமும் செம்பும் ஒரே எடையாய் இரா. தண்ணீரைவிடத் தூய தங்கம் 19.3 மடங்கும், வெள்ளி 10.5 மடங்கும், செம்பு சுமார் 9 மடங்கும் கனமுள்ளவை. 22 காரட் தங்கம் ஏறக்குறைய 17½ முதல் 18 மடங்கு வரை கனமுள்ளது. எவ்வளவு மெல்லிய பூச்சாலும் இந்த எடையை மாற்ற இயலாது. நகையை முதலில் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளவும். பிறகு அதை மெல்லிய நூலில் கட்டித் தராசிலிருந்து தொங்கவிட்டு, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி நிறுக்கவும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டி நீக்க வேண்டும். இரு எடைகளுக்கும் உள்ள வித்தியாசமே கணக்கு. 40 கிராம், அதாவது ஐந்து பவுன் எடையுள்ள நகை 22 காரட் தங்கமாயின் தண்ணீரில் சுமார் 2¼ கிராம் குறையும். வெள்ளியின்மேல் பூசியதாயின் சுமார் 3¾ கிராமும், செம்பின்மேல் பூசியதாயின் ஏறக்குறைய 4½ கிராமும் குறையும். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. கல் பதித்த நகை, அரக்கு அடைத்த நகை, உள்ளே காற்று அடைபட்ட நகை ஆகியவற்றிற்கு இது பொருந்தாது. டங்ஸ்டன் என்னும் உலோகம் தங்கத்தின் கனத்தையே பெரும்பாலும் ஒத்திருப்பதால், அதனை உள்ளே வைத்துச் செய்த பொருள் தண்ணீரிலும் தப்பும். ஆதலின் ஒரே சோதனையை நம்பாமல், பருமனுக்குத் தக்க எடை, தண்ணீரில் நிறுத்தல், மறைவிடத்தில் உரைத்தல் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று சாட்சியாகக் கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டு வரும் ஹால்மார்க் முத்திரையும், நகைக்கு நகை வேறான அதன் ஆறிலக்க அடையாளக் குறியும் நல்ல துணை. ஆயினும் நம் குடும்பங்களிலுள்ள பழைய நகைகளில் அம்முத்திரை இராது.

சங்கத்தார் கைக்கொள்ள வேண்டிய முறை

சோதனையை யாருக்குச் செய்வது என்பதில்தான் சங்கங்கள் இடறுகின்றன. தெரிந்தவர், பெரிய மனிதர், நிர்வாக சபையாரின் உறவினர் என்றால் விட்டுவிடுவதும், ஏழைப் பெண் ஒருத்தி வந்தால் நாலு பேர் முன்னிலையில் ஐயப்பட்டுத் தேய்ப்பதும் முறையன்று. போலி நகையைக் கொண்டுவருபவர் அனைவரும் வஞ்சகர் அல்லர். மகளின் கலியாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கிய நகை பூச்சு நகை என்பதை, அடகு வைக்க வந்த இடத்தில் முதல் முறையாக அறிகிற தாய்மாரும் உண்டு. அவர்களை ஏமாற்றியவன் வேறொருவன். அவ்வாறான வேளையில் நகையையும் எடைக் கணக்கையும் அவர்களிடம் காட்டி, தனியே அழைத்துச் சொல்லி, விற்றவரிடம் கேட்பதற்கு வேண்டிய குறிப்பை எழுதிக் கொடுப்பது சங்கத்தின் கடமை.

ஆகையால் ஐயத்தின்பேரில் சோதிப்பது என்றில்லாமல், ஈடாக வரும் ஒவ்வொரு நகைக்கும் ஒரே வரிசையில் ஒரே சோதனை என்று தீர்மானம் செய்துகொள்வதே நலம். காற்றில் எடை, தண்ணீரில் எடை, வித்தியாசம் ஆகிய மூன்றையும் அடகுச் சீட்டிலேயே எழுதி, காரியதரிசியும் மதிப்பீட்டாளரும் கடன் பெறுபவரும் கையொப்பமிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான சோதனை ஒருவருக்கும் அவமானமாகாது. ஒரு தராசு, ஒரு கண்ணாடிப் பாத்திரம், ஒரு முழம் நூல் ஆகியவற்றுக்கு மேல் இதற்குச் செலவில்லை.

போர்டோ கலவை செய்யும் குடியானவர் ஒவ்வொரு முறையும் கத்தியை அமிழ்த்திப் பார்த்த பின்பே தெளிக்கப் போகிறார். நீலத் தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் அதனுள் மிஞ்சிய செம்பு உண்டா இல்லையா என்று அவர் தீர்மானிப்பதில்லை. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் நகை ஈட்டுக் கடன் விஷயம் வரும்போது, அங்கத்தினர்கள் அந்தக் கத்தியை நினைவிற் கொண்டு, தராசுக்கும் தண்ணீருக்கும் ஒரு தீர்மானம் கொண்டுவருவார்களாக.